வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு, சரி... கொடைக்கானலில் இருந்து இறங்குமா? ஷெட்டில் நின்ற கேரவனை மலைக்குத் தயார் செய்வது எப்படி?

எட்டு மாசமா ஷெட்டில் நின்ற வண்டி. தார்ப்பாயை விலக்கி, இன்னொரு வண்டியின் பேட்டரியில் இருந்து ஒயர் போட்டு செல்ஃப் அடித்தால், மூன்றாவது முயற்சியில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் வெள்ளைப் புகை. அப்புறம் சீரான சத்தம். "அவ்ளோதான், வண்டி ரெடி" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் போனை எடுத்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் போட ஆரம்பித்துவிடுவார்.

சினிமா ஷூட்டிங் செய்திகளில் மட்டுமே கேள்விப்பட்ட 'கேரவன்' இன்று நண்பர்கள் கூட்டு சேர்ந்து வாங்கும், வாடகைக்கு எடுக்கும் வண்டியாகிவிட்டது. டெம்போ டிராவலரையோ பழைய வேனையோ எடுத்து, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க், இன்வர்ட்டர் வைத்தால் நடமாடும் வீடு தயார். சிக்கல் என்னவென்றால், இந்த வீடு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நகர்வதே இல்லை. சீசனுக்கு இரண்டு டிரிப், தீபாவளி லீவுக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் மாமரத்தடியிலோ அப்பார்ட்மென்ட் மூலையிலோ தூசி படிந்து நிற்கும்.

தினமும் ஓடும் வண்டி தன் கோளாறை சத்தமாகவோ அதிர்வாகவோ முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். நிற்கும் வண்டியில் அந்த வாய்ப்பு கிடையாது. இன்ஜின் ஸ்டார்ட் ஆவதால் உறுதியாவது ஒன்றே ஒன்றுதான்: வண்டி மலை ஏறும். பழனி மலைத்தொடரில் உயிரைப் பறிக்கக்கூடிய இரண்டு விஷயங்கள் வேறு. ஒன்று, இறங்கும்போது பிரேக். இன்னொன்று, தூங்கும்போது வண்டிக்குள் இருக்கும் காற்று.

பிரேக் ஆயிலுக்கும் வயசு உண்டு

வத்தலக்குண்டில் இருந்து காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் போகும் பாதை தெரிந்ததுதான். பழனியில் இருந்து சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாக ஏறும் இன்னொரு பாதை பெருமாள்மலையில் வந்து சேரும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அடிவாரத்துக்கு வந்து சேரும்போது வண்டி ஏறக்குறைய 1,800 மீட்டர் கீழே இறங்கியிருக்கும்.

ஒரு சின்ன கணக்கு. கட்டில், டேங்க், ஆட்கள் எல்லாம் சேர்த்து வண்டி 4 டன் என்று வைத்துக்கொள்வோம். அது அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 20 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 200 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. இதில் ஒரு பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும், ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் போகும். மீதி முழுவதும் பிரேக் டிரம்மிலும் டிஸ்க்கிலும்தான் இறங்கியாக வேண்டும்.

இங்கேதான் நின்றுகிடந்த காலம் வேலையைக் காட்டும். பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறிஞ்சும். புதிய டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு இந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ரகத்துக்கு 230 என்பது 155 ஆகிறது. தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் இந்தச் சூடு எட்ட முடியாத உயரம் இல்லை.

கொதித்தால் என்ன? ஆயிலுக்குள் ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இதைவிடக் குழப்பமான விஷயம், அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "நல்லாத்தானே பிடிக்குது" என்பார். அவர் மேலும் தப்பில்லை. அவர் பார்க்கும்போது நல்லாத்தான் பிடிக்கும்.

அதனால் முதல் வேலை இதுதான்: இரண்டு வருஷத்துக்கு மேலான பிரேக் ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவது. எப்போது மாற்றினோம் என்று ஞாபகம் இல்லையென்றாலும் மாற்றுவதே சரி. ஆயிலில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் பேனா மாதிரியான சின்னக் கருவி பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கூடவே நான்கு சக்கரத்தையும் கழற்றி லைனர், பேடு பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடியே மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தால் பின்பக்க லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். நகர்த்தும்போது 'டக்'கென்று விடுபட்டுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு சக்கரம் மட்டும் லேசாகப் பிடித்தபடியே சுற்றினால், மலை ஏறும்போதே அது சூடாக ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் செய்தபின் நேராகக் கொடைக்கானலுக்குக் கிளம்பாமல் ஒரு ஒத்திகை பார்ப்பது நல்லது. திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு சிறுமலை இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள், குறைந்த தூரம். ஏறி இறங்கி, கீழே ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். மற்றவற்றைவிட ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அதிகமாக அடித்தால், அல்லது லைனர் கருகும் வாடை வந்தால், டிரிப்பைத் தள்ளிவையுங்கள்.

ஓட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. "எந்த கியரில் ஏறுனியோ அந்த கியரில் இறங்கு" என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது பழைய பாடம்தான், ஆனால் இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு உருட்டுவதும் இன்னும் சிலரிடம் இருக்கும் பழக்கம். பெரும்பாலான வேன்களில் பிரேக்குக்கு உதவும் சர்வோ, இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். ஆஃப் செய்தபின் இரண்டு மூன்று மிதிகளுக்கு மேல் அந்த உதவி கிடைக்காது. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் இறந்தபோது, அந்தப் பேருந்து மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மலைப் பயணத்தின் கஷ்டமான பாதி, திரும்பி வரும் பாதி.

டயர், பேட்டரி, எலி

டயரில் பட்டன் நிறைய இருக்கிறதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். நின்ற வண்டியின் டயர் தேயாது, காய்ந்துபோகும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிகிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு எண்கள் அதன் பிறந்த தேதி. 2318 என்றிருந்தால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருஷத்தைத் தாண்டிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மலைக்கு வேண்டாம். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். அநேகமாக வண்டியிலேயே வயசானது அதுவாகத்தான் இருக்கும்.

பேட்டரி பெரிய விஷயமில்லை. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஒரு இரவு சும்மா வைத்துவிட்டுக் காலையில் 12.2-க்குக் கீழே போயிருந்தால் சந்தேகப்படலாம். கேரவனில் இரண்டு பேட்டரி இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இன்ஜினுக்கு ஒன்று, உள்ளே விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜுக்கு இன்னொன்று.

பாதி டேங்க் டீசலோடு நிறுத்தியிருந்தால் உள்ளே ஈரம் சேர்ந்து தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். ஃபில்டரில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும், முடிந்தால் ஃபில்டரையே மாற்றிவிடலாம். அடுத்தது எலி. பானட்டைத் திறந்ததும் தேங்காய் நாரோ பஞ்சோ கிழிந்த துணியோ தெரிந்தால் அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கிறது என்று பொருள். அது ஒயரைக் கடித்திருக்கும். கூடவே கேஸ் டியூபையும் கடித்திருக்கலாம். அடுத்த பகுதி அதைப் பற்றியதுதான்.

தலைவலி, வாந்தி... மலை ஏறியதாலா?

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரமாக நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனில் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தி, ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்ததை உறுதிசெய்தார்கள். வண்டி ஓடவில்லை. விபத்து நடக்கவில்லை. ஒரு ஓட்டை இருந்தது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில், திருச்சியில் இருந்து வந்து தங்கியிருந்த இரண்டு பேர் அறைக்குள் பார்பிக்யூ கரி அடுப்புப் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அது விடுதி அறை, கேரவன் இல்லை. ஆனால் குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் கனல் பக்கத்தில் படுக்கும் ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கேரவனின் உள்ளிடம் ஒரு விடுதி அறையில் பாதிகூட இருக்காது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைசுற்றல், அசதி. கொடைக்கானல் ஏறிவந்த யாருக்கும் இது சாதாரணம். "வளைஞ்சு வளைஞ்சு வந்ததுல வாந்தி, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று நண்பர்களே போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்கள். அந்த இடத்தில் படுப்பதுதான் ஆபத்து. வண்டிக்குள் இருக்கும்போது ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், வெளியே இறங்கியதும் அது குறைந்தால், அது வளைவுகளின் வேலை இல்லை.

உயரமும் சேர்ந்து கெடுக்கிறது. 2,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. கார்புரேட்டர் உள்ள சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் சமவெளிக்கு ஏற்ப செட் செய்யப்பட்டது. மேலே போனால் எரிபொருள் அதிகமாகவும் காற்று குறைவாகவும் எரியும். சரியாக எரியாத இடத்தில்தான் கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இதற்கு இன்னொரு காரணமும் சேரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாய், காற்றுத் துவாரம் எல்லாம் குளவிக்கு வீடு கட்டத் தோதான இடம். ஈரமண் கூடு ஒன்று போதும், புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பும். அடுப்பின் பர்னர் துளைகளில் சிலந்தி வலை பின்னியிருக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் கீழே இறங்கி வெளியேற வண்டியின் தரைமட்டத்தில் ஒரு துவாரம் வைப்பார்கள். அதன் மேல் யாராவது பழைய கால்மிதியைப் போட்டு அடைத்திருப்பார்கள், குளிர்காற்று வருகிறது என்று.

ஆகவே கிளம்பும் முன் ஒரு பகல் பொழுதை இதற்கென்றே ஒதுக்குங்கள். துவாரம், குழாய் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தரையில் ஒயருக்காகவோ குழாய்க்காகவோ போட்ட ஓட்டைகளைச் சுற்றி அடைப்பு கழன்றிருக்கிறதா பாருங்கள், வடகரையில் பிரச்சினை அதுதான். கேஸ் டியூபில் அச்சிட்ட தேதியைப் படியுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். சிலிண்டரைத் திறந்து இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு இருக்கும் இடத்தில் முட்டை விடும். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேண்டாம். அடுப்பை எரியவிட்டால் தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக நடுங்கினால் பர்னரைச் சுத்தம் செய்யாமல் அதில் ஒரு டீகூடப் போட வேண்டாம்.

டீ என்றதும் நினைவுக்கு வருவது மதுரை. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, லக்னோவில் இருந்து வந்து மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் விதிமீறிக் கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. நின்றுகொண்டிருக்கும் வாகனம், மூடிய கதவுகள், உள்ளே அடுப்பு. கேரவனும் இதே அமைப்புதான். சிலிண்டருக்குத் தனி அறை, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கதவு இல்லாத வண்டியில் சமையலை வெளியே வைத்துக்கொள்வதே சரி. ஓடும்போது சிலிண்டர் நேராக நிற்கும்படி கட்டியிருக்க வேண்டும், வால்வு மூடியிருக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுவது இந்த டிரிப்பின் பெட்ரோல் செலவில் ஒரு பகுதிகூட வராது. ஏற்கெனவே இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. பட்டனை அழுத்தினால் 'பீப்' வருவது பேட்டரி இருப்பதைக் காட்டுமே தவிர, பத்து வருஷப் பழைய சென்சார் வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. அலாரம் இருந்தாலும் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. கொடைக்கானலில் எதற்கு ஏ.சி. என்பது தனிக் கேள்வி.

தண்ணீர் டேங்க்

மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் பல் விளக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முழுக்க வடித்து, நிரப்பி, லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் அந்த வாடை வரும்வரை திறந்து, சில மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை கழுவினால் போதும். மலை ஏறும்போது டேங்கை முழுக்க நிரப்ப வேண்டாம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. எல்லாச் சாமானையும் ஏற்றிய பிறகு ஒருமுறை எடைமேடையில் வண்டியை நிறுத்தி, ஆர்.சி.யில் உள்ள எடையோடு ஒப்பிட்டால் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கும்.

கழிவுத் தண்ணீரை வளைவோரம் திறந்துவிடுவது பற்றி ஒரு வார்த்தை. பழனி மலையின் ஓடைகள் கீழே இருக்கும் ஊர்களின் குடிநீர். மேலே ஊற்றியது கீழே யாரோ ஒருவரின் குடத்துக்குப் போகும்.

பேப்பர் சரியா?

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களுக்கு 2024 நவம்பரில் இருந்து அனுமதி இல்லை. டிராவலர் அளவு கேரவனுக்கு இது பிரச்சினை இல்லை, பெரிய பஸ்ஸை மாற்றி அமைத்தவர்கள் டேப்பை எடுத்து அளந்துகொள்ளலாம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

வண்டி நின்றபோது இன்சூரன்ஸும் நின்றிருக்கும். காலாவதியாகி 90 நாட்களைத் தாண்டிவிட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். புகைப் பரிசோதனைச் சான்றையும் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வேனைக் கேரவனாக மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிக்காது. ஆர்.சி.யில் இல்லாத கட்டிலும் அடுப்பும் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியின் கண்ணில் முதலில் படும்.

யார் கேட்க வேண்டும்?

வாடகைக்கு ஓடும் வண்டிகள் குறிப்பிட்ட இடைவெளியில் எஃப்.சி.க்குப் போக வேண்டும். சொந்தப் பயன்பாட்டு கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனப் பிரிவில் வருகிறது. அதாவது பதிவு செய்து 15 வருஷம் ஆகும்வரை அதன் பிரேக்கை அரசு சார்பில் யாரும் பார்க்கப்போவதில்லை. கார்களுக்கு இது நியாயமான சலுகை. உள்ளே நான்கு பேர் தூங்கும், கேஸ் எரியும், நான்கு டன் எடையுள்ள வண்டிக்கும் அதே சலுகையா?

மலைக்கு வரும் வாகனங்களை எண்ணுவதற்கு ஒரு முழு அமைப்பையே இரண்டு வருஷத்தில் உருவாக்கிவிட்டோம். இ-பாஸ் வண்டி எண்ணைக் கேட்கிறது, எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கிறது. பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று அது கேட்காது. கேட்கவும் முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதே படிவத்தில் 'வாகனத்துக்குள் தங்குகிறோம்' என்று ஒரு கட்டம் வைத்து, அதை டிக் செய்பவர்களுக்கு கேஸ், ஜெனரேட்டர் எச்சரிக்கையை போனுக்கு அனுப்புவதற்குப் பெரிய செலவு ஆகாது. வாடகை கேரவன்களில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று எஃப்.சி.யின்போது பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. வடகரை நடந்தது பக்கத்து மாநிலத்தில். குளிர் இங்கேதான் அதிகம்.

அதுவரை இந்த வேலை வண்டிக்காரரிடமே இருக்கிறது. வாடகைக்கு எடுப்பவர்கள் சாவியை வாங்கும்போதே அலாரத்தைக் காட்டச் சொல்லலாம், டயர் தேதியைப் படிக்கலாம். "என்ன தம்பி இவ்ளோ கேக்குறீங்க" என்பார்கள். பரவாயில்லை. திரும்பி வரும் நாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை நாலு முறை மிதித்துப் பாருங்கள், பெடல் கெட்டியாக மேலேயே நிற்க வேண்டும். வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு ஓரமாக ஒதுங்கி வழிவிடலாம், ஊத்துக்கு முன்னால் ஒருமுறை நிறுத்தி டீ குடித்துவிட்டு, சக்கரங்கள் ஆறிய பிறகு மறுபடி இறங்கலாம்.